மீள்தன்மை எல்லை

தாதியை விளக்கேந்திய மங்கையாக நினைவுகூர்வதில் உலகிற்கு ஒரு நிறைவு உண்டு. கிரைமியப் போரின்போது ஸ்கூட்டாரி மருத்துவமனையின் நீண்ட விடுதிகளில் இரவு வேளையிற் கைவிளக்குடன் நடந்து சென்ற புளோரன்ஸ் நைற்றிங்கேலின் உருவம் பாடப்புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் நிலைபெற்றுவிட்டது. அதே அம்மையார் இறந்த போர்வீரரின் தொகையை மாதவாரியாகவும் காரணவாரியாகவும் வகுத்து வரைபடமாக்கினார் என்பதும், கழிவுநீர்க் கால்வாய், காற்றோட்டம், படுக்கைகளுக்கிடையே இருக்க வேண்டிய தூரம் என்பன பற்றி ஆட்சியாளர்களை ஓயாது நச்சரித்தார் என்பதும், இலண்டனின் புள்ளிவிபரவியற் கழகத்தில் உறுப்பினராகத் தெரிவான முதற் பெண் அவரே என்பதும் அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. விளக்கைப் போற்றுவதற்கு எவரும் எதனையும் செலவிட வேண்டியதில்லை. கணக்கோ விடை கேட்பது. ஆதலினாற் போலும், கணக்கு மறக்கப்பட்டு விளக்கு எஞ்சியது.

பெருந்தொற்றொன்று பரவும்போது தாதியர் அதனை எவ்வாறு தாங்குகின்றனர் என்ற வினாவுக்கு வழக்கமாக அளிக்கப்படும் விடையும் விளக்கைச் சார்ந்ததே. தியாகம், கருணை, தாய்மை என்னுஞ் சொற்கள் உடனே வந்து சேரும். அண்மைக்காலத்தில் இவற்றோடு ஆய்வுலகச் சொல்லொன்றும் சேர்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் றெசிலியன்ஸ் எனப்படும் அதனை மீண்டெழுதிறன், தாங்குதிறன், மனத்திண்மை எனப் பலவாறு தமிழாக்குவர். அச்சொல் உளவியலுக்கு வருமுன்னர் பொறியியலிற் பயின்றது. பௌதிகங் கற்றோர் அறிந்த தகைப்பு, விகாரம், மீள்தன்மை என்பன அதன் சுற்றத்தார். ஒரு கம்பியிற் சுமையைத் தொங்கவிட்டால் அது சிறிது நீளும். சுமையை எடுத்தாற் பழைய நீளத்தை அடையும். ஆயின் மீள்தன்மை எல்லை என்று ஒன்று உண்டு. அதனைத் தாண்டிச் சுமையேற்றப்பட்ட கம்பி, சுமை நீங்கிய பின்னரும் நீண்டபடியே நிற்கும். ஆய்வுகூடத்தில் இதனைக் கண்ட மாணவர் எவரும் கம்பியின் குணத்தைக் குறைகூறுவதில்லை. எவ்வளவு சுமை ஏற்றப்பட்டது, எவ்வளவு நேரம் ஏற்றப்பட்டது என்றே கேட்பர். மனிதர் விடயத்தில் மாத்திரம் இக்கேள்வி திசைமாறி, தாங்கினவரின் நெஞ்சுரத்தைப் பற்றியதாகிவிடுகின்றது.

இவ்வாறு கேள்வி திசைமாறியதையும், பின்னர் ஓரளவு நேர்ப்படுத்தப்பட்டதையும் ஒருங்கே காண்பதற்கு 2003 ஆம் ஆண்டிற் கனடாவின் ரொறன்ரோ நகரிற் பரவிய சார்ஸ் நோயின் வரலாறு ஏற்றதாகும். அந்நோயின் தொகை, பின்னர் வந்த கொவிட் பெருந்தொற்றோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது. உலகம் முழுவதிலும் எண்ணாயிரத்துச் சொச்சம் பேர் பீடிக்கப்பட்டு 774 பேர் இறந்தனர். ஆசியாவுக்கு வெளியே அதனால் மிகுதியும் பாதிக்கப்பட்ட நகரம் ரொறன்ரோவே. ஒன்ராறியோ மாகாணத்தில் நோயுற்றோர் ஏறத்தாழ 375 பேர். இறந்தோர் 44 பேர். எனினும் இத்தொகைக்குள் அடங்கியிருந்த ஒரு விகிதம் மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. நோயுற்றவர்களுள் 169 பேர் மருத்துவத் துறையின் ஊழியர். அவர்களுட் பெரும்பாலார் தாதியர். சந்தையிலோ பேருந்திலோ அன்று, நோய் தீர்க்கும் மனையிலேயே அந்நோய் வாழ்ந்தது.

நிகழ்ச்சிகள் தொடங்கிய விதத்தைச் சுருங்கக் கூறலாம். 2003 பெப்ரவரியின் பிற்பகுதியில் ஹொங்கொங்கின் விடுதியொன்றிற் தங்கிய சீன மருத்துவர் ஒருவரிடமிருந்து, அங்கு தங்கியிருந்த பயணிகள் பலருக்கு நோய் தொற்றிற்று. அப்பயணிகளுள் ரொறன்ரோவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரும் இருந்தார். வீடு திரும்பிய அவர் மார்ச் 5 ஆம் திகதி வீட்டிலேயே இறந்தார். அவர்தம் மகன் மார்ச் 7 ஆம் திகதி நகரின் கிழக்கிலுள்ள ஸ்காபரோவின் மருத்துவமனையொன்றுக்கு வந்து, அவசர சிகிச்சைப் பிரிவிற் பல மணிநேரம் பிற நோயாளருடன் திரைச்சீலையொன்றின் மறைவில் இருந்தார். இன்னதென்று எவருக்கும் தெரியாத நோய் அது. ஸ்காபரோ என்னும் பெயர் ஈழத்து வீடுகளுக்குப் புதியதன்று. எண்பதுகளின் பின்னர் இங்கிருந்து சென்றோர் பெருந்தொகையாகக் குடியேறிய பகுதி அது. அம்மருத்துவமனைகளின் வாயில்களில் அன்று காத்துநின்றோருள் தமிழ் முகங்களும் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அதே மார்ச் 7 ஆம் திகதி, அதே ஹொங்கொங் விடுதியிலிருந்து திரும்பிய வேறொருவர் மேற்குக் கரையிலுள்ள வன்கூவர் நகரின் பொது மருத்துவமனைக்கு வந்தார். அங்கு அவர் சில நிமிடங்களுக்குள் தனிமைப்படுத்தப்பட்டார். அவரை அணுகியோர் இறுக்கமான சுவாசக் கவசங்களை அணிந்தனர். அவரிடமிருந்து நோய் பரவவில்லை. இரு நகரத் தாதியருக்கும் இடையே நெஞ்சுரத்தில் வேறுபாடு இருந்தது என்று எவரும் கூறத் துணியார். வன்கூவரில் ஆசியாவிற் பரவும் விபரீதக் காய்ச்சல் பற்றிய எச்சரிக்கை விடுதிவரை சென்று சேர்ந்திருந்தது. சந்தேகம் எழுந்தால் உயர்ந்த பாதுகாப்பிலிருந்து தொடங்கிப் பின்னர் தளர்த்துவது என்ற பழக்கமும் இருந்தது. ரொறன்ரோவில் இவை இரண்டும் போதாமலிருந்தன. அதிர்ஷ்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

மார்ச் 26 ஆம் திகதி மாகாணம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. அதன் பின்னர் தாதியரின் வாழ்க்கை ஒரு விசித்திரமான ஒழுங்குக்குள் வந்தது. நோயாளருடன் பழகிய தாதியை வீட்டிலே அடைத்துவைத்தால் விடுதியிற் பணிசெய்ய ஆளில்லை. வெளியே விட்டால் நோய் பரவக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவிற் பிறந்ததே பணித் தனிமைப்படுத்தல் என்ற ஏற்பாடு. அதன்படி ஒருவர் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கும் மாத்திரம் செல்லலாம். பொதுப் போக்குவரத்தைத் தவிர்த்தல் வேண்டும். கடைக்கோ கோவிலுக்கோ செல்லுதல் ஆகாது. வீட்டிலும் முகக்கவசம் அணிந்து, வேறு அறையில் உறங்கி, வேறு பாத்திரத்தில் உண்டு, நாளுக்கு இருமுறை உடல் வெப்பத்தை அளந்து குறித்தல் வேண்டும்.

இவ்வொழுங்கின் கடுமை அதன் விதிகளில் இல்லை. அவ்விதிகள் வீட்டுக்குள் நுழையும் நேரத்தில் இருந்தது. பன்னிரண்டு மணிநேரம் கவசத்தினுள் மூச்சுவிட்டு, மூக்கின் மேற்றோல் சிவந்து, கையுறையைக் கழற்றிக் கழற்றிக் கழுவிய கைகள் வெடித்து வீடு வரும் தாயை நோக்கி ஓடிவரும் சிறு பிள்ளையைக் கையை நீட்டித் தடுக்க வேண்டும். பிள்ளைக்கு அது விளங்காது. உறங்குமுன் வெப்பமானியை வாயில் வைத்து, அது காட்டப்போகும் எண்ணை எதிர்பார்த்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில், அன்று பகல் செய்த ஒவ்வொரு செயலும் மனத்தில் மீண்டும் நிகழும்: மேலங்கியின் முடிச்சை அவிழ்க்குமுன் கையுறையைக் கழற்றினேனா, கண்ணாடியைத் தொட்ட கை எதனைத் தொட்டது? எண் சாதாரணமாயிருந்தால் மறுநாள் காலை மீண்டும் பணி. சிறிது கூடியிருந்தால், அது களைப்பினால் வந்ததோ நோயினால் வந்ததோ என்று விடியும்வரை உறக்கம் வராது. அயலவரும் உறவினரும் விலகிச் சென்றமை இதற்கு மேலதிகம். தொலைக்காட்சியில் வீராங்கனை என்று புகழப்பட்ட பெண்ணை மாடிக்கட்டடத்தின் மின்தூக்கியிற் கண்டவர்கள் அடுத்த தூக்கிக்காகக் காத்துநின்றனர்.

மருத்துவமனையினுள்ளே நிலைமை வேறுவகையிற் கடினமானது. தாதியர் தம் பணியின் துயரத்தை வழக்கமாகத் தாங்கிக்கொள்வது பெரிய தத்துவங்களினால் அன்று. பணிமாற்றத்தின்போது நடக்கும் ஐந்து நிமிட உரையாடல், தேநீர் அறையிற் சொல்லப்படும் ஒரு கரிய நகைச்சுவை, இறந்த நோயாளியின் படுக்கையைச் சீர்செய்யும்போது அருகில் வந்து நிற்கும் சகபாடி, வாகனத் தரிப்பிடம்வரை சேர்ந்து நடத்தல் என்பனவே அவர்களின் மருந்து. வெளியார்க்கு வீண்பேச்சாகத் தோன்றும் இவற்றின் பெறுமதியை, இவை தடைப்பட்டபோதே பலர் உணர்ந்தனர். தொற்றுக்கு அஞ்சி ஒன்றாக உண்பது நிறுத்தப்பட்டது. ஒருவர் முகத்தை மற்றவர் காணாது கவசம் மறைத்தது. ஒரு மருத்துவமனையிலும் இன்னொன்றிலுமாகப் பகுதிநேரமாகப் பணிபுரிந்து முழுச் சம்பளத்தைச் சேர்த்துக்கொண்ட தாதியர் அந்நகரிற் பலர். தொண்ணூறுகளில் நிகழ்ந்த சிக்கன நடவடிக்கைகளின் எச்சம் அது. அவர்கள் ஒரே இடத்தில் மாத்திரம் பணிபுரியவேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தபோது தோழியரையும் வருமானத்தையும் ஒருங்கே இழந்தனர்.

இவற்றினும் கொடியது, சகபாடிகளே நோயாளராகி வந்தமை. ஸ்காபரோவில் நோயுற்ற ஊழியர்களுக்காக, முற்காலத்திற் காசநோயாளருக்கென அமைந்து பயன்பாடின்றிக் கிடந்த மருத்துவமனைக் கட்டடமொன்று அவசரமாகத் திறக்கப்பட்டது. அங்கு பணிபுரிய முன்வந்த தாதியருள் ஒருவர் தாமும் நோயுற்றார். அவரிடமிருந்து அவர் கணவருக்கும் தொற்றியது. கணவர் முதலில் இறந்தார்; பல வாரங்களின் பின்னர், ஜூலை மாதத்தில், தாதியும் இறந்தார். கட்டிலிற் கிடப்பவரின் கையெழுத்தையும் சிரிப்பையும் அறிந்தவர், அவரது சுவாசக் குழாயைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நோயாளிக்கும் தாதிக்கும் இடையே தொழில் வகுத்துக்கொடுக்கும் அந்தச் சிறு இடைவெளி, துயரம் உள்ளே வராமற் காக்கும் அந்த வேலி, அங்கே விழுந்துவிட்டது. ரொறன்ரோவின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த உளமருத்துவர் றொபேட் மோண்டரும் அவர்தம் குழுவினரும் அவ்வாண்டிலேயே வெளியிட்ட கட்டுரையில், தம் மருத்துவமனை ஊழியரை வருத்தியவற்றுள் குடும்பத்தாருக்கு நோயைக் கொண்டுசெல்வோமோ என்ற அச்சத்தையும், சகபாடிகளுக்கே சிகிச்சை செய்ய நேர்ந்த வேதனையையும் எடுத்துக்காட்டினர்.

அச்சத்தைத் தாங்குவது ஒன்று. அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று கூறப்படுவதைத் தாங்குவது மற்றொன்று. ரொறன்ரோத் தாதியரின் வரலாற்றில் இரண்டாவதே ஆழமான காயமாக அமைந்தது.

கவசம் பற்றிய விவாதத்தை முதலில் நோக்கலாம். நோய் பெருந்துளிகளால் மாத்திரம் பரவுகின்றதாயின் சாதாரண சத்திரசிகிச்சை முகக்கவசம் போதும். நுண்துகள்களாகவும் காற்றில் மிதக்குமாயின், முகத்தோடு இறுகப் பொருந்தி நுண்துகள்களில் 95 வீதத்தைத் தடுக்கும் என்-95 வேண்டும். எது உண்மை என்று அப்போது அறுதியிட இயலவில்லை. நிபுணருட் பலர், சான்று கிடைக்கும்வரை முந்தியது போதும் என்றனர். தாதியரும் அவர்தம் தொழிற்சங்கங்களும், சான்று கிடைக்கும்வரை பிந்தியதே வேண்டும் என்றனர். ஏப்ரல் மாதத்தில் நோயாளியொருவருக்குச் சுவாசக் குழாய் செலுத்தும்போது, பாதுகாப்பு அணிகளுடன் நின்றவர்களுக்கே தொற்றியமை இரண்டாங் கட்சிக்கு வலுவூட்டியது. என்-95 அணிவோர் ஒவ்வொருவருக்கும் அது முகத்தோடு பொருந்துகின்றதா எனச் சோதித்தல் வேண்டும் என்ற சட்டவிதி ஒன்ராறியோவில் 1993 முதலே இருந்தது. 2003 வரை அதனை அறிந்தவர் சிலர், கைக்கொண்டவர் அதினுஞ் சிலர். இந்த விவாதம் மேலோட்டமாக அறிவியல் விவாதமாகத் தோன்றினாலும், உண்மையில், ஐயத்தின் பயனை யாருக்கு அளிப்பது என்ற அறவியல் விவாதமே ஆகும்.

இனி மே மாதம். மே 14 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் ரொறன்ரோவை நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து நீக்கிற்று. மே 17 ஆம் திகதி அவசரகால நிலை முடிவுக்கு வந்தது. வணிகருக்கும் உல்லாசப் பயணத் துறையினருக்கும் பெருமூச்சு. மருத்துவமனைகளில் கவசங்கள் களையப்பட்டன. ஆனால் நகரின் வடபகுதியிலுள்ள பெரிய மருத்துவமனையொன்றிற் பணிபுரிந்த தாதியர் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. நோயாளர் சிலரின் இருமலும் காய்ச்சலும் மார்புப் படங்களும், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தோர் ஒருவர் பின் ஒருவராக வந்தமையும், தாம் இரு மாதங்களாகக் கண்டவற்றைப் போலவே அவர்களுக்குப் பட்டன. அவர்கள் அதனை வாய்விட்டுக் கூறினர். சார்ஸ் நோயாளருடன் தொடர்பிருந்தமைக்கு ஆதாரம் இல்லை, ஆகவே இது சார்ஸ் அன்று என்று அவர்களுக்கு உறுதிகூறப்பட்டது. கவசத்தை மீண்டும் அணிய விரும்பியவர்கள் அதற்கான தேவை இல்லை என்று கேட்க நேர்ந்தது. மே 23 ஆம் திகதி, நோய் ஒழியவேயில்லை என்ற செய்தி பகிரங்கமாயிற்று. அது அந்த மருத்துவமனையின் விடுதிகளிற் சத்தமின்றிப் பரவிக்கொண்டிருந்தது. அங்கு பணிபுரிந்த தாதியொருவர் ஜூன் இறுதியில் இறந்தார்.

படுக்கையருகே நிற்பவரின் ஐயத்தை அறிவாகக் கொள்வதா அச்சமாகக் கொள்வதா என்பது தொழிற்படிநிலையில் அவர் நிற்கும் இடத்தைப் பொறுத்ததாய் இருந்தது. மருத்துவரின் ஐயம் நோய்நிர்ணயம் எனப்பட்டது; தாதியின் ஐயம் பதற்றம் எனப்பட்டது. பதற்றத்துக்கு ஆறுதல் கூறினாற் போதும் அல்லவா? இப்படிப்பட்ட ஆறுதலே பின்னாளில் அவர்களுக்குத் தாங்கவொண்ணாததாயிற்று.

மாகாண அரசு நியமித்த சார்ஸ் ஆணைக்குழுவுக்கு நீதியரசர் ஆர்ச்சி கம்பெல் தலைமைதாங்கினார். 600 இற்கு மேற்பட்டோரை அக்குழு சந்தித்தது. இறுதி அறிக்கை 2007 ஜனவரியில் வெளிவந்தது; அடுத்த ஏப்ரலில் நீதியரசர் காலமானார். தனிமனிதர்மீது பழிசுமத்துவதை அவர் தவிர்த்தார். அதேவேளை தாதியர் சொன்னவற்றைச் சொன்னபடியே பதிவுசெய்தார். வன்கூவரையும் ரொறன்ரோவையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கை அறிவியல் உறுதிப்பாட்டுக்காகக் காத்திருத்தல் ஆகாது என்ற முற்காப்பு நெறியை அறிக்கையின் அச்சாணியாக்கினார். அறிக்கையைப் பெற்ற தாதியருக்கு அது ஒரு மருந்தாகவும் அமைந்திருக்கும் எனலாம். உளநூலார் மனக்காயத்தைப் பற்றி எத்துணையோ எழுதியுள்ளனர். நிகழ்ந்தது நிகழ்ந்ததுதான் என்று அதிகாரமுள்ள ஒரு குரல் ஒப்புக்கொள்வதால் அக்காயம் அடையும் ஆறுதலை அவர்களின் அளவுகோல்கள் இலகுவில் அளப்பதில்லை.

அளக்கக்கூடியவற்றை மோண்டரின் குழுவினர் அளந்தனர். நோய் ஓய்ந்து 13 முதல் 26 மாதங்கள் கழிந்த பின்னர், சார்ஸ் நோயாளரை ஏற்ற ரொறன்ரோவின் ஒன்பது மருத்துவமனைகளிலும், அவர்களை ஏற்காத ஹமில்ற்றன் நகரின் நான்கு மருத்துவமனைகளிலும் 769 ஊழியரிடம் ஆய்வு நடத்தி 2006 இல் வெளியிட்டனர். பணிச்சோர்வு ரொறன்ரோவில் 30.4 வீதத்தினரிடமும் ஹமில்ற்றனில் 19.2 வீதத்தினரிடமும் காணப்பட்டது. உளத்துயர் 44.9 வீதம், 30.2 வீதம். பேரதிர்ச்சியின் பின்னான நெருக்கீட்டு அறிகுறிகள் 13.8 வீதம், 8.4 வீதம். ரொறன்ரோவில் இருந்தோர் நோயாளருடன் பழகும் நேரத்தைக் குறைத்துக்கொண்டனர். புகைத்தலும் மதுவும் கூடின. பணிக்கு வராத நாட்கள் பெருகின. சுமை நீங்கி ஈராண்டு ஆகியும் கம்பி பழைய நீளத்தை அடையவில்லை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஹமில்ற்றனின் எண்களும் கவனத்துக்குரியவை. கொள்ளைநோயே தீண்டாத இடத்திலும் பத்துப் பேரில் மூவர் உளத்துயருடன் இருந்தனர் எனில், சாதாரண நாளின் சுமையே எல்லைக்கு அண்மையில் நின்றது என்பது பொருள்.

யார் கூடுதலாகத் தாங்கினர் என்ற வினாவுக்கும் அவ்வாய்வு விடை தேடிற்று. துன்பத்தைக் கண்டு ஒதுங்குதல், சினத்தைப் பிறர்மீது காட்டுதல், தன்னையே பழித்துக்கொள்ளுதல் ஆகிய வழிகளை நாடியோர் கூடுதலாகத் துன்புற்றனர். தொழிலிற் பல்லாண்டு அனுபவம் உடையோர் ஒப்பீட்டளவில் நிலைத்து நின்றனர். இவை தனிமனிதரின் இயல்பைச் சார்ந்தவை. இவற்றோடு ஒருங்கே காணப்பட்ட பிறிதொரு காரணி தனிமனிதரைச் சார்ந்ததன்று: போதிய பயிற்சியும் பாதுகாப்பும் தார்மிக ஆதரவும் தமக்குக் கிடைத்தன என்று கருதியோர், கிடைக்கவில்லை என்று கருதியோரிலும் நலமாயிருந்தனர். துன்புற்ற மனம் கிடைத்த ஆதரவையும் குறைவாகவே நினைவிற் கொள்ளும் என்று ஒருவர் தடைகூறலாம், தடை நியாயமானதே. ஆயினும் மே மாதக் கதையை அறிந்தோர், அந்நினைவு முற்றிலும் மனமயக்கம் என்று கொள்ளமாட்டார்.

இதிலிருந்து அம்மருத்துவமனையார் இரு வழிகளிற் சென்றனர். அடுத்த பெருந்தொற்றுக்கு முன்னரே ஊழியரைத் தயார்செய்யும் கணினிவழிப் பயிற்சியொன்றை ஆக்கிச் சோதித்தனர். அச்சம் எவ்வாறு உடலில் வெளிப்படும், எவ்வழிகளிற் சமாளிக்கலாம் என்று கற்பித்த அப்பயிற்சியால் ஊழியரின் தன்னம்பிக்கை உயர்ந்தமை கண்டறியப்பட்டது. 2020 இற் கொவிட் வந்தபோது இரண்டாவது வழி உருவாயிற்று. உளமருத்துவத் துறையினர் ஒவ்வொரு விடுதிக்கும் ஒருவராகத் துணைவர் என்ற முறையில் இணைக்கப்பட்டனர். அவர்கள் சிகிச்சை அளிக்க வந்தவர் அல்லர். வாரந்தோறும் வந்து, நின்று, கேட்பதே அவர்களின் பணி. முன்னைய அனுபவத்தில், உதவி வேண்டின் வருக என்று திறந்துவைத்த அறைகளைக் களைத்த தாதியர் நாடி வருவது அருமையாகவே இருந்தது. பணி முடிந்தபின் வாழ்க்கையிற் எஞ்சியிருக்கும் அரைமணி நேரத்தை எவர்தாம் ஆலோசனை அறையிற் செலவிடுவர்? ஆகவே அறை விடுதியைத் தேடி வந்தது. தேநீர் அறையின் பழைய பேச்சுக்கு ஒரு மாற்று என்று இதனைக் கூறலாம். மாற்றுத்தான் எனினும், ஒன்றுமில்லாமையினும் மிக நன்று.

ஆனால் மருத்துவமனை கற்றதை மாகாணம் கற்றதா என்பது வேறு. சார்ஸின் பின்னர் ஒன்ராறியோ ஐந்தரைக் கோடி என்-95 கவசங்களைச் சேமித்தது. அவை களஞ்சியத்திற் கிடந்து காலாவதியாயின. சேமிப்பின் 80 வீதத்துக்கு மேற்பட்டது காலாவதியாகிவிட்டது என்று 2017 இல் மாகாணத்தின் கணக்காய்வாளர் நாயகம் எச்சரித்தார். விளக்கேந்திய அம்மையார் இருந்திருப்பின் அவ்வறிக்கையை ஒரு முறையன்றிப் பலமுறை அமைச்சருக்கு அனுப்பியிருப்பார். 2020 மார்ச்சில் தாதியர் மீண்டும் கவசங்களை எண்ணத் தொடங்கினர். பெரியம்மாவும் மகளும் முறைவைத்து உடுத்த ஒற்றைப் பட்டுப் புடவைபோலக் கவசங்கள் பூட்டிய அறைகளிற் காக்கப்பட்டன. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நிலைமை மிக மோசமாயிற்று. அங்கு பணிபுரிவோருள் குடிபெயர்ந்து சென்ற பெண்கள் பெருந்தொகையினர், ஈழத்துப் பெண்களும் அவர்களுள் அடங்குவர். ஏப்ரலில் ஒன்ராறியோத் தாதியர் சங்கம் சில இல்லங்களுக்கு எதிராக நீதிமன்றஞ் சென்றது. தாதியர் தம் தொழிலறிவினால் தேவையெனக் கருதும்போது என்-95 வழங்கப்படல் வேண்டும் என்று நீதிபதி கட்டளையிட்டார். 2003 மே மாதத்திற் பதற்றம் எனப்பட்டது, 2020 ஏப்ரலில் நீதிமன்றத்தில் தொழிலறிவு எனப்பட்டது. இடையில் 17 ஆண்டுகள்.

அந்நாட்களில் மாலைதோறும் மக்கள் மாடிமுகப்புகளில் நின்று கைதட்டினர். பாத்திரங்களைத் தட்டி ஒலியெழுப்பினர். அதில் உண்மையான அன்பு இருந்தது. அதேவேளை, பொதுத்துறை ஊழியரின் சம்பள உயர்வை ஆண்டுக்கு 1 வீதத்துக்குள் மட்டுப்படுத்திய 2019 ஆம் ஆண்டுச் சட்டம் அதே தாதியர்மீது நடைமுறையில் இருந்தது. 2022 நவம்பரில் நீதிமன்றம் அதனை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தள்ளுபடி செய்தது; 2024 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மை முடிவால் அதனை உறுதிப்படுத்தியது. அதற்கிடையே தாதியர் பலர் தொழிலை விட்டகன்றனர். அகன்றவர்களை மனத்திண்மை குறைந்தோர் எனக் கணிப்பது எளிது. தாங்கக்கூடியதைத் தாங்கி, அதற்கு மேற்பட்டதைத் தாங்க மறுத்தமையும் ஒருவகைத் திண்மையே என்று அவர்களுட் சிலராவது கருதியிருக்கக்கூடும்.

தங்கியோரும் உளர். 2003 இல் இளந்தாதியராயிருந்து பணியில் தொடர்ந்தவர்கள் 2020 இல் விடுதிகளின் மூத்த தாதியராயினர். கவசத்தின் பட்டியைத் தலைக்குப் பின்னால் இழுத்து, மூக்கின்மேல் உலோகப் பட்டையை அழுத்தி, மூச்சை ஊதி, விளிம்பிற் காற்றுக் கசிகின்றதா என்று பார்ப்பதற்கு அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. புதிதாக வந்த பெண்ணின் மேலங்கி முடிச்சைச் சரிபார்த்து, கழற்றும்போது அருகில் நின்று, அவசரப்படாதே, முதலிற் கையுறை, பின்னர் அங்கி, கையைக் கழுவு, இனிக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தோர் அவர்களே. அவ்வாறு சொல்லிக்கொடுத்த பின்னர் அலுமாரியைத் திறந்து, பெட்டியில் இன்னும் எத்தனை எஞ்சியுள்ளன என்று எண்ணிக் குறித்துவைத்தனர்.